இருபத்திரண்டு வருஷக் கத்தி

— வருஷம் ஒண்ணுக்கு ஓரணா. அதுல ஒத்தைக் காசு குறையாது, மாப்பிள.

— அண்ணாச்சி, நான் கத்தி வாங்க வந்தவன். வயசு வாங்க வந்தவன் இல்ல.

— கத்திக்கு விலை தனி, அதைப் பொறவு பேசுவோம். நீரு கேக்கது புதுக்கத்தி இல்லியே. இருபத்திரண்டு வருஷம் ஒரு மனுஷன் மடியில கெடந்து தேஞ்ச கத்தியாக்கும் கேக்குதீரு. கத்தியை நான் தாறேன். அந்த இருபத்திரண்டு வருஷத்தை யாரு தருவா? கோட்டாறு கம்போளத்துல இந்தத் தலையில இருந்து அந்தத் தலை வரைக்கும் நடந்து பாரும். அரிசி கிட்டும், ஆணி கிட்டும், கப்பல்ல வந்த கிராம்பு கிட்டும். கழிஞ்சுபோன வருஷம் இந்தச் சுடலையாண்டி கடையில மட்டுந்தான் கிட்டும்.

— இருபத்திரண்டு அணா! ஒரு ரூபா ஆறணா! வெறும் அழுக்குக்கு!

— அழுக்குன்னா தெருவுல சும்மா கெடக்குல்லா. அள்ளிட்டுப் போயி தேச்சுக்கிடும்.

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. கத்தியைச் சுட்டுக் கரியாக்கினவரு விலை பேசாண்டாம். அண்ணாச்சி, நான் சொல்லுதேன். எம் பேரு லீலாபாய். இவரு எங்க வீட்டுக்காரரு ராஜையன், வடசேரியில வாடகை சைக்கிள் கடை. எங்கப்பா கத்தியை இவரு கெடுத்துட்டாரு. ரெண்டு மணி பஸ்ஸுக்கு நாங்க தக்கலைக்கு அப்பா வீட்டுக்குப் போகணும். சாயங்காலம் அப்பா கத்தியை வாங்கிப் பாப்பாரு. கத்தி சரியா இருந்தா நாளைக்கு ரெஜிஸ்தர் கச்சேரியில எண்பது மூடு தென்னைமரம் நிக்குத விளை எங்க பேருக்கு எழுதி ஆதாரம் ஆகும். இல்லன்னா அக்கா மாப்பிளைக்குப் போவும். இவ்வளவுதான் விஷயம்.

— இது சொல்லு. இப்படிச் சொன்னா வியாபாரிக்கு வெளங்கும். கெட்ட கத்தி கையில இருக்கா?

— இருக்கு அண்ணாச்சி. இந்தா, கைக்குட்டையில பொதிஞ்சு வச்சிருக்கேன்.

— அட பாவி மக்கா! இது கத்தியா, கருவாடா?

— கத்திதான் அண்ணாச்சி.

— நீரு சொன்னதுனால நம்புதேன். எருமைக்கொம்புப் பிடியை அடுப்புல காட்டினீராக்கும்?

— கொஞ்ச நேரந்தான்.

— கொஞ்ச நேரமா? வீடே நாறிச்சு அண்ணாச்சி. பக்கத்து வீட்டு நேசபாய் அக்கா மூக்கைப் பொத்திட்டு வந்து, யாருக்காவது மேலுக்கு முடியலியான்னு கேட்டா. ஆனா எனக்கு அந்த நாத்தம் பழகின நாத்தம் மாதிரி இருந்துது. நாலு வருஷம் முந்தி, எனக்குக் கல்யாணம் ஆவதுக்கு முன்ன, அப்பா வீட்டு அடுக்களையிலும் ஒருநா இப்படித்தான் நாறிச்சு. நானும் அம்மையும் ஓடி வந்தோம். எலி அடுப்புல விழுந்துட்டுன்னு அப்பா சொன்னாரு.

— எலியா? ம்க்கும்… ம்க்கும்… ஒண்ணுமில்ல, மூக்குப்பொடி தொண்டைக்கு ஏறிட்டு. மாப்பிள, நீரு முதல்ல இருந்து சொல்லும். பலாச்சக்கை வெட்டினீராக்கும்?

— எப்படிக் கண்டுபிடிச்சிய?

— அலகு ஓரத்துல பால் கரிஞ்சு நிக்குல்லா. மேற்கு மூலைக் கூழஞ்சக்கையா?

— அதேதான் அண்ணாச்சி. மாமா விளையில பழுத்தது ஒண்ணு குடுத்து விட்டாரு.

— மேற்கு மூலைன்னு இவருட்ட நீங்க எப்போ சொன்னிய?

— தங்கச்சி, சக்கைமரம் பின்ன எங்க நிக்கும்? வெயில் சாயுத பக்கம்தானே வைப்பாவ. கதையை மறிக்காத. வெட்டினீரு. எண்ணெய் தேச்சீரா?

— தேச்சேனே. முழங்கை வரைக்கும் தேச்சேன்.

— கத்தியில?

— கத்திக்கு எதுக்கு?

— கையில ஒட்டுத பால் கத்தியில ஒட்டாதாக்கும்! தங்கச்சி, இந்த ஆளா சைக்கிள் கடை வச்சிருக்காரு?

— கேளுங்க அண்ணாச்சி, நல்லாக் கேளுங்க. காலையில இருந்து ராத்திரி வரை ஊர்க்காரன் செயினுக்கெல்லாம் எண்ணெய் விடுத கை. வீட்டுக் கத்திக்கு ஒரு சொட்டு வரல.

— ஏட்டி, சவத்தை விடு. சுளை எடுத்து முடிச்சுட்டு மடக்கப் பாக்கேன், மடங்கல. பால் மூட்டுக்குள்ள போயி ரப்பர் மாதிரி உறைஞ்சு போச்சு. வெந்நீர்ல முக்கினேன், அசையல. சூடு பத்தலியோன்னு அடுப்புல வச்சேன்.

— உருகிச்சா?

— உருகிச்சு. கொம்பும் கூடச் சேந்து உருகிச்சு.

— அலகு நீலமா மாறிச்சா?

— மயில் கழுத்து மாதிரி. பாக்க நல்லாத்தான் இருந்துது.

— கத்தியில உசுரு போகும்போது வருத நிறமாக்கும் அது. பாரும், ஆணியை வச்சுக் கீறுதேன், இரும்புல கோடு விழுது. இனி இதை வச்சு வெண்ணெய் வெட்டலாம், அதுவும் வெயில்ல வச்ச வெண்ணெய். மண்ணெண்ணெய்யில துணியை நனைச்சு ரெண்டு இழு இழுத்திருந்தா பால் போயிருக்கும். அரைச் சக்கரத்துக்குத் தீந்திருக்க வேண்டிய காரியம்.

— சக்கரம் போயி அணா வந்து எத்தனை வருஷமாச்சு, அண்ணாச்சி இன்னும் ராஜா காசுல இருக்கிய.

— நஷ்டத்தைச் சக்கரத்துல சொல்லணும், லாபத்தை அணாவுல வாங்கணும். அது கெடக்கட்டும். ஒரு கத்திக்காக மருமகனுக்கு எழுதுத விளையை நிறுத்துவாராக்கும் ஒங்கப்பா? அப்படி என்ன கத்தி இது?

— என்ன கத்தியா? துரை குடுத்த கத்தி அண்ணாச்சி! முப்பத்தொண்ணுல மிஷன் துரை சீமைக்குத் திரும்பும்போது அப்பா கையைப் பிடிச்சு வச்சுட்டுப் போனது. அப்பா சபையில டீக்கனாராக்கும். வருஷத்துல ரெண்டு பிரசங்கம் அந்தக் கத்தியை வச்சுத்தான் செய்வாரு. பிரசங்க பீடத்துல நின்னுட்டு அதை விரிச்சு மடக்குவாரு. ரெண்டு சத்தம் கேக்கும். முதல் டக்குக்குப் பாவம், ரெண்டாவது டக்குக்கு இரட்சிப்பு. பின்வரிசையில தூங்குதவன்லாம் எழும்பி உக்காந்துருவான்.

— சீமைக் கத்தின்னா சொல்லுதாரு?

— சொல்லுதது என்ன? சீமைக் கத்தியேதான்.

— ம்க்கும்… பொடி. சொல்லு தங்கச்சி, சொல்லு.

— மருமக்கமாருக்குச் சொத்து எழுதணும்னா முதல்ல இந்தக் கத்தியை ஆறுமாசம் கையில குடுப்பாரு. ஒரு கத்தியைப் பேணத் தெரியாதவன் விளையை எங்க பேணப் போறான்னு அவரு நினைப்பு. ரெண்டு வருஷம் முந்தி மூத்தவரு ரசலையன் அத்தானுக்குக் குடுத்தாரு. அத்தான் ஆறுமாசம் கழிச்சு, குடுத்தது குடுத்த மாதிரியே திருப்பித் தந்தாரு. அப்பாவுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. அன்னைக்கே வயலை எழுதி வச்சாரு.

— அன்னையில இருந்து அந்த ரசலையன் என்னைப் பாக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் அண்ணாச்சி. 'என்ன தம்பி, கத்தி சுகமா?' பெண்டாட்டி சுகமான்னு ஒருநா கேட்டது கெடையாது.

— உப்பு வியாபாரம் பண்ணுத ரசலையனா?

— ஒங்களுக்கு ஆளைத் தெரியுமா?

— உப்பு இல்லாம கஞ்சி குடிக்குதேனா நான்? சரி, கத்தி பாப்போம். இந்தா, இது ஒண்ணு. ஒண்ணேகால் ரூபா.

— இதுவே போதுமே அண்ணாச்சி. கைக்கு அடக்கமா, பளபளன்னு இருக்கு.

— மடக்கிப் பிடியும். தலைகீழா ஒரு குலுக்கு குலுக்கும்.

— அய்யோ, தானே திறந்துட்டே!

— அதை மடியில செருகிட்டு நீரு சைக்கிள் மிதிச்சீர்னா, நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் மிதிக்கணும். உள்ள இருக்குத வில்லுக்குப் பலம் கெடையாது.

— பொறவு எதுக்கு அண்ணாச்சி இதை விக்கிய?

— வாங்குதாவளே, தங்கச்சி. பாத்தாச்சா? இந்தா அடுத்தது. பெரிய அலகு, சின்ன அலகு, கத்தரி, அரம், புட்டித் திருகி, பல்லுக்குத்தி. ஏழு ரூபா.

— ஏயப்பா! ஒரு கத்திக்குள்ள ஒரு கடையே இருக்கு! பிள்ள, இதைக் கொண்டு போனா மாமா…

— கொண்டு போனா மாமா ஓங்கி ஒண்ணு தருவாரு. துரை குடுத்த கத்தி இருபத்திரண்டு வருஷம் கழிச்சு குட்டி போட்டுட்டுன்னா சொல்லப் போறிய? கீழ வைங்க அதை.

— தங்கச்சி சொன்னது சரி. இது மின்னுத இரும்பு பாத்துக்கிடும். துரு வராது, ஆனா கூர் நிக்காது. பல்லுக்குத்திக்கு மட்டும் ஏழு ரூபா குடுத்த மாதிரி ஆவும். ஒமக்குள்ளது இதாக்கும். ஒத்தை அலகு, எருமைக்கொம்புப் பிடி, பித்தளை ஆணி மூணு. வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுப் பாரும். அலகுக்கும் முதுகு வில்லுக்கும் நடுவுல கீத்து தெரியுதா?

— ஒண்ணும் தெரியல.

— விரிச்சு வச்சு அலகை இடமும் வலமும் ஆட்டிப் பாரும்.

— ஆடல.

— கெழவன் பல்லு மாதிரி ஆடுச்சுன்னா வாங்கப்பிடாது. இனி காதுக்குக் கிட்ட வச்சுப் பைய மடக்கும். பாதியில ஒரு நிப்பு நிக்கும், பொறவு மூடும்.

— டக்… டக். ஏட்டி, கேட்டியா? பாவம், இரட்சிப்பு!

— கேட்டேன். அதேதான். மூஞ்சியில சிரிப்பைக் காட்டாதீய, விலை ஏறும். அண்ணாச்சி, இது என்ன விலை?

— மூணு ரூபா.

— ரெண்டு.

— தங்கச்சி, கொம்பைக் குடுத்த எருமைகூட இதுக்குச் சம்மதிக்காது.

— நான் எருமைகிட்ட வாங்கல, ஒங்ககிட்டல்லா வாங்குதேன். ரெண்டு.

— ரெண்டே முக்கா. முதல் கச்சவடம், முகம் வாடப்பிடாதுன்னு குறைக்குதேன்.

— மணி பன்னெண்டு தாண்டியாச்சு, இன்னும் முதல் கச்சவடமா? ரெண்டேகால். அந்தக் கரிக்கட்டையையும் நீங்களே வச்சுக்கிடுங்க. பித்தளை ஆணி மூணு இருக்குல்லா, ஆருக்காவது மாட்டிக் குடுப்பிய.

— ரெண்டரை. அதுக்குக் கீழ நான் இறங்கினா இந்தக் கடையை எம் பெண்டாட்டி பாத்துக்கிடுவா, நான் வீட்டுல அரிசி அரிக்கணும். சரியா?

— சரி, கத்தி ரெண்டரை. இனி வயசுக்கு வாங்க. இருபத்திரண்டு வருஷம்னு சொன்னோம். அதுல ஆறைக் கழிக்கணும்.

— எதுக்காம்?

— யுத்த காலம் அண்ணாச்சி. முப்பத்தொம்பதுல இருந்து நாப்பத்தஞ்சு வரை. பாக்கு விலை ஏறிட்டு, பொயிலை கிட்டல, பர்மா அரிசி நின்னு போச்சு. வெட்ட என்ன இருந்துது? கத்தி சும்மா மடியில கெடந்து தூங்கிச்சு. தூங்கின வருஷத்துக்கு எதுக்குத் துட்டு?

— இந்த நியாயத்தை இந்தப் பலகையில வச்சு ஏற்கெனவே கேட்டாச்சு. எங்கிட்ட பதில் இருக்கு. யுத்தத்துல நாஞ்சில் நாட்டுக்காரன் என்ன தின்னான்? மரச்சீனிக் கெழங்கு. கெழங்குக்குத் தோல் இருக்கா இல்லியா? மூணு நேரமும் அதைச் சீவினது எது? நியாயமாப் பாத்தா அந்த ஆறு வருஷத்துக்கு ஒண்ணரை அணா வீதம் கேக்கணும் நான். போனா போகட்டும்னு ஓரணாவுல நிக்குதேன்.

— ஏட்டி, ஒத்துக்கோ. இன்னும் பேசினா யுத்தத்தை மறுபடி ஆரம்பிச்சுருவாரு. பஸ்ஸு போயிரும்.

— அப்போ பொடி மணமும், பிடியில எழுத்தும் சும்மா போட்டுத் தரணும். அப்பா கத்தியைக் கையில வாங்கினதும் முதல்ல மோந்துதான் பாப்பாரு. இருபத்திரண்டு வருஷம் அப்பா போட்ட மூக்குப்பொடி அந்தப் பிளவுக்குள்ள இருக்கும். மணம் இல்லன்னா விரிக்கவே மாட்டாரு.

— எம் பொடி தஞ்சாவூர்ப் பட்டணம் பொடி. ஒரு சிட்டிகை விலை என்ன தெரியுமா? சரி, போ, தந்தேன். மாப்பிள, அந்தக் கிண்ணத்தை இங்ஙன தள்ளும். நான் கல்லுல தேய்க்குதேன். மயிலாடிக் கல்லு இது. சிலை செதுக்கி மிஞ்சின துண்டு, வெண்ணெய் மாதிரி இழுக்கும். இருபத்திரண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை தோறும் தீட்டின அலகுன்னா வயிறு ஒட்டிப் போயிருக்கணும்லா.

— ஞாயித்துக்கிழமையா! எங்கப்பா ஓய்வு நாள்ல குண்டூசி கூட எடுக்கமாட்டாரு.

— சரி, சனிக்கிழமை. சனிக்கிழமைக்கும் இதே தேய்ப்புதான். நடுவுல கூடுதலா, நுனியில குறைவா. பாக்கு நறுக்குதவன் கத்தி நடுவுலதான் தேயும். பாரும், ஒருபக்கமாவே தீட்டப்பிடாது. ரெண்டு பக்கமும் எண்ணி இழுக்கணும், கல்லு நனஞ்சே இருக்கணும். வெறுங்கல்லுல உரசினா சூடேறி, நீரு அடுப்புல செஞ்ச வேலையைக் கல்லு செஞ்சு வைக்கும்.

— கிண்ணத்துல என்ன அண்ணாச்சி இது? கஷாயமா?

— பழம்புளி, சாயாத்தூள் கொதிச்ச தண்ணி, பச்சைப்பாக்குக் கறை. அலகை முக்கி வையும். பிடியை முக்காதயும்! கொம்புக்கு நான் தேங்காயெண்ணெய்யும் அடுப்புப்புகையும் தேச்சு, சாக்குத்துணியில உரசுவேன்.

— ஐயோ, கறுக்குதே! புதுக்கத்தியில துரு வந்துட்டு அண்ணாச்சி!

— வெப்ராளப்படாதயும். துரு சிவப்பு. இது கறுப்பு. இந்தக் கறுப்பு ஏறின அலகுல சிவப்பு லேசுல பிடிக்காது. ஒம்ம மாதிரி ஆளுங்கதான் இதைச் சாம்பல் போட்டுத் தேச்சு வெளுப்பாக்கி, பொறவு துருப்பிடிச்சிட்டேன்னு அழுதுட்டு வருவாவ.

— நான் சாம்பல் போட்டுத் தேய்க்கல.

— ஆமா, இவரு சாம்பலாவே ஆக்கிட்டாரு.

— நாலு நாளா நான் தூங்கல, பிள்ள. நாலு நாளும் முட்டுல நின்னு ஜெபம் பண்ணுதேன். துரை சொப்பனத்துல வந்து, தொப்பியைக் கழத்திட்டு, ராஜையா என் கத்தி எங்கடான்னு கேக்காரு.

— துரை தமிழ்லயா கேட்டாரு?

— நம்ம தமிழ்லதான் கேட்டாரு. அதான் எனக்கு இன்னும் பயமாப் போச்சு.

— மாப்பிள, அந்தத் துரைக்கு நீரு பயப்படாண்டாம். ஆச்சு. தொடைச்சுப் பாருங்க ரெண்டுபேரும்.

— ஏட்டி… இது கத்தியேதான். மாமா கத்தியேதான்.

— பொறுங்க, பொறுங்க. அண்ணாச்சி, நடு ஆணிக்குக் கீழ ஒரு எழுத்து கீறணும். அப்பா ஊசியால கீறினது, 'ஞா'ன்னு…

— கீறியாச்சே. பிடியைத் திருப்பிப் பாரு.

— பொறுங்க, வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கேன்.

— என்ன தங்கச்சி, கோணலா இருக்கா?

— கோணலாத்தான் இருக்கு. எங்கப்பா கீறினதும் இதே கோணலாத்தான் இருக்கும். காலு இதே மாதிரி இழுத்துக்கிட்டு நிக்கும். அண்ணாச்சி, எம் பேரைச் சொன்னேன், இவரு பேரைச் சொன்னேன், அத்தான் பேரைச் சொன்னேன். அப்பா பேரு ஞானதாசன்னு நான் சொல்லவே இல்ல.

— டீக்கனார்னா ஞா-வுலதானே பேரு இருக்கும்.

— எங்க சபையில மத்த டீக்கனாரு பேரு தாவீது. இந்த வேலையை நீங்க முன்னயும் செஞ்சிருக்கிய. இந்தக் கத்திக்கே செஞ்சிருக்கிய. யாருக்கு?

— அது வியாபார ரகசியம். விலை கெடையாது.

— விலை கெடையாதா?

— ஒரு சாயா வாங்கித் தந்தா போதும்.

— அண்ணே! எதுத்த கடை அண்ணே! மூணு சாயா, ஒண்ணுல சீனி கூடுதலா! சொல்லுங்க அண்ணாச்சி.

— ரசலையன்.

— ஆரு?

— ஒம்ம சகலை ரசலையனாக்கும். ஆறுமாசம் தீரதுக்கு மூணு நாள் முந்தி ராத்திரி கடை அடைக்குத நேரம் வந்தாரு. உப்புச்சாக்கு தையலை அறுத்துட்டு, தொடைக்காம மடக்கி வச்சிருக்காரு. உப்புல நனைஞ்ச இரும்பு மூடிக் கெடந்தா என்ன ஆவும்? மூட்டு துருப்பிடிச்சு ஒண்ணாப் போச்சு. திறக்கல. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒருநாள் காத்திருக்கணும். அவரு சுத்தியல் எடுத்து அடிச்சிருக்காரு. அலகு ரெண்டா முறிஞ்சு போச்சு.

— உப்பு! உப்பு வச்சு முறிச்ச பயலா எங்கிட்ட வந்து கத்தி சுகமான்னு கேட்டான்? ஏட்டி, எழும்பு. சாயா வேண்டாம். இப்பவே போயி மாமாட்ட சொல்லுதேன். வயலை எழுதி வாங்கினது கள்ளக்கத்தியைக் காட்டி!

— சொல்லுங்க. எப்படித் தெரிஞ்சுதுன்னு அப்பா கேப்பாரு.

— கோட்டாத்துக் கடைக்காரரு சொன்னாருன்னு சொல்லுவேன்.

— கடைக்கு என்னத்துக்குப் போனியன்னு கேப்பாரு.

— கத்தி வாங்க… சவம்.

— உக்காருங்க. சாயாவைக் குடிங்க.

— அப்போ நான் சுட்டது துரை கத்தியே இல்லியா? அண்ணாச்சி புளித்தண்ணியில ஊற வச்சுப் பழசாக்கின கோட்டாத்துக் கத்தியைச் சுட்டதுக்கா நான் நாலு நாளா முட்டுல நின்னேன்?

— ஜெபம் வீணாப் போவாது மாப்பிள, வேற எதுக்காவது ஆவும். இந்தா, கேட்டுக்கிடும். இனியாவது இதை ஒழுங்கா வையும். ஈரத்தோட மடக்காதயும். மாசம் ஒருக்கா மூட்டுல ஒரு சொட்டு எண்ணெய்.

— சைக்கிள் எண்ணெய் போதுமா?

— போதும். தேங்காயெண்ணெய் நாளானா பிசுபிசுத்துப் புழுதியைப் பிடிக்கும். எண்ணெய் விட்டதும் பத்து தடவை விரிச்சு மடக்கி, வழிஞ்சதைத் தொடைச்சுரும். சக்கைக்குக் கிட்ட கொண்டு போனா முதல்ல அலகுல எண்ணெய் தடவும். அடுப்பு இருக்குத அறைக்கே கொண்டு போகாண்டாம்.

— எழுதித் தாருங்க அண்ணாச்சி, இவரு மறந்துருவாரு.

— நான் மறக்கமாட்டேன். தாருங்க கத்தியை.

— கையில தரமாட்டேன். பலகையில வைக்குதேன், எடுத்துக்கிடும். கத்தியைக் கைக்குக் கை குடுத்தா பகை வரும்.

— நாங்க வேதக்காரங்க அண்ணாச்சி. எங்களுக்கு அதெல்லாம் கெடையாது.

— கத்திக்கு அது தெரியாதே, மாப்பிள. துட்டையும் அப்படியே பலகையில வையும். ரெண்டரையும் ஒண்ணு ஆறணாவும், மூணு ரூபா பதினாலணா.

— இந்தாங்க. பிள்ள, எழும்பு. மணி ஒண்ணே முக்கால்.

— செத்தப் பொறுங்க. எனக்கு ஒண்ணு ஒத்துவரல.

— பஸ்ஸு போயிரும் தங்கச்சி.

— போனா அடுத்த பஸ்ஸு. அண்ணாச்சி, ரசலையன் அத்தான் கத்தியைக் கெடுத்தது உப்புல. சக்கைன்னா அத்தானுக்கு மணமே ஆகாது, பழுத்த வீட்டுல கால் வைக்கமாட்டாரு. அப்போ மேற்கு மூலைக் கூழஞ்சக்கையை ஒங்களுக்கு யாரு சொன்னா?

— தென்னவிளைன்னா ஒரு சக்கைமரம் இல்லாமலா இருக்கும்?

— கூழஞ்சக்கைன்னு சொன்னிய. கெட்டிச்சுளை வருக்கையா இருக்கப்பிடாதா? பொறவு, யுத்த காலத்தைக் கழிக்கச் சொன்னேன். இந்த நியாயத்தை ஏற்கெனவே கேட்டாச்சுன்னிய. அத்தானுக்கு ரெண்டையும் ரெண்டையும் கூட்டவே அக்கா வேணும். அவரு யுத்தத்தைக் கழிக்கக் கேக்குத ஆளே இல்ல.

— ஏட்டி, என்ன சொல்ல வாற?

— எங்க வீட்டு அடுப்புல நாலு வருஷம் முந்தி விழுந்த எலிக்குக் கொம்பு இருந்துதான்னு கேக்கேன். அண்ணாச்சி, கணக்கைச் சொல்லுங்க. எங்க கணக்கு மட்டும் இல்ல. துரை குடுத்த கத்தியோட முழுக்கணக்கும் எனக்கு வேணும்.

— முழுக்கணக்கா? சரி, சாயாவும் நல்ல சாயா. கேட்டுக்கிடு. ஒங்க வீட்டுக்காரரு இருபத்திரண்டு வருஷம் வாங்கினாரு, துட்டு வந்தாச்சு, கணக்கு நேரு. ரசலையன் இருபது வருஷம் வாங்கினாரு, எண்ணி வச்சிட்டுப் போனாரு, அதுவும் நேரு. நாப்பத்தொம்பதுல, சீமைக் கத்தியைச் சக்கைப்பாலோட சுட்டுக் கரியாக்கி, வேட்டித் தலைப்புல பொதிஞ்சு கொண்டுவந்த ஒரு டீக்கனாரு பதினெட்டு வருஷம் வாங்கினாரு. யுத்தத்துக்கு ஆறைக் கழின்னு நின்னாரு, நான் கழிக்கல, பன்னெண்டுக்கு மட்டும் எண்ணி வச்சிட்டு பஸ் ஏறிட்டாரு. நாளைக்கு ஆதாரத்துல கையொப்பு விழுந்த பொறவு, பைய ஞாபகப்படுத்து தங்கச்சி: ஆறு வருஷம் பாக்கி நிக்குது.